பெயர் எழுதிய கோப்பியும் பெயர் எழுதாத கோப்பியும்

சட்டன் புகையிரத நிலையத்திலிருந்து பெருந்தெரு வழியே கீழிறங்கி நடப்பவர்கள், கோப்பி மணம் மூக்கில் படாமல் மறுமுனையை அடைதல் அரிது. இலண்டன் மாநகரெங்கும் இதுவே நிலை. தேநீர் அருந்தும் நாடு என்று பாடசாலையில் நாம் படித்தும் படிப்பித்தும் வந்த பிரித்தானியா, இன்று தெருவுக்குத் தெரு கோப்பிக்கடை திறந்து வைத்திருக்கிறது.

எம்மவருள் மூத்தோர் பலர் இக்கடைகளைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துச் செல்வதோடு சரி. "ஒரு கோப்பிக்கு நாலு பவுணோ? அந்தக் காசுக்கு வீட்டிலை ஒரு கிழமைக்குத் தேத்தண்ணி குடிக்கலாம்" என்பது அவர்களது கணக்கு. அக்கணக்கில் பிழையில்லை. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் குடித்தும், மல்லியும் வேர்க்கொம்பும் சேர்த்து உரலில் இடித்த கோப்பியைக் குடித்தும் வளர்ந்தவர்களுக்கு, பால்நுரையின் மேல் இலைபோலக் கோலம் போட்டுத் தரும் கோப்பை ஒரு வேடிக்கையாகத் தோன்றுவதில் வியப்பில்லை.

ஆயினும் கடந்த இருபது ஆண்டுகளில் இம்மாநகரில் பெருகியுள்ள ஒருவகைக் கோப்பிக்கடை எமது கவனத்துக்குரியது. 'சிறப்புக் கோப்பி'க் கடை என அதனைத் தமிழில் கூறலாம். பல்கிளைக் கொம்பனிகளின் கடைகளிலிருந்து இவை வேறுபட்டவை. சிறிய இடம், நாலைந்து மேசைகள், நல்ல பயிற்சி பெற்ற ஒருவரோ இருவரோ இயந்திரத்தின் பின்னே நிற்பர். சுவரோரத் தட்டில் கோப்பிக்கொட்டை அடைத்த சிறு பைகள் அடுக்கப்பட்டிருக்கும். அப்பையை எடுத்து வாசித்துப் பாருங்கள். விளைந்த நாடு, மாவட்டம், மலையின் உயரம், செடியின் இனம், பழத்தைப் பதப்படுத்திய முறை, கொட்டையை வறுத்த திகதி என எல்லாம் அதில் அச்சிடப்பட்டிருக்கும். இவற்றுக்கெல்லாம் மேலே, பல பைகளில், பயிரிட்டவரின் பெயரும் இருக்கும்.

ஒரு பண்டத்தின்மீது அதனை விளைவித்தவரின் பெயரை எழுதுவது சிறிய காரியமன்று. இலங்கைத் தமிழராகிய எமக்கோ அப்பெயர் இன்னொரு நினைவையும் எழுப்புகிறது. ஒரு காலத்தில் இலண்டன் நகரம் விரும்பி அருந்திய கோப்பியைத் தம் கைகளால் விளைவித்தவர்கள் தமிழர்கள். அவர்களுடைய பெயரை எவரும் எப்பையிலும் எழுதவில்லை. இவ்விரு கோப்பிகளையும் பற்றியதே இக்கட்டுரை.

அந்நியர் ஒருவர் திறந்த முதற் கடை

இலண்டனில் கோப்பியின் வரலாறு வெளியிலிருந்து வந்தவர்களின் வரலாறாகும். ஒக்ஸ்போட்டில் 1650ஆம் ஆண்டில் யாக்கோபு என்ற யூதர் ஒருவர் கோப்பி விற்றதாக அக்கால நாட்குறிப்பாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். இலண்டனின் முதற் கோப்பிக்கடை 1652ஆம் ஆண்டில், கோர்ண்ஹில் தெருவை ஒட்டிய சென்ற் மைக்கல்ஸ் சந்தில் திறக்கப்பட்டது. திறந்தவர் பஸ்குவா றோசே. துருக்கியப் பேரரசின் ஸ்மிர்னாத் துறைமுகத்தில் வாணிபம் செய்த டானியல் எட்வேர்ட்ஸ் என்ற ஆங்கில வணிகர், தமது பணியாளாக அவரை இலண்டனுக்கு அழைத்து வந்தார். அவர் கிரேக்கர் என்பாரும் ஆர்மீனியர் என்பாரும் உளர்.

எசமானின் வீட்டில் றோசே தயாரித்த கோப்பியைக் குடிக்க வந்தோர் தொகை பெருகவே, ஒரு கொட்டில் கடை பிறந்தது. கடையின் அடையாளப் பலகையில் வரையப்பட்டிருந்தது றோசேயின் தலை. கோப்பியின் நற்குணங்களை விளக்கி அவர் பெயரால் அச்சிட்ட துண்டுப் பிரசுரம் ஒன்று இன்றும் பாதுகாக்கப்பட்டு வருகிறது. சமிபாட்டுக்கு நல்லது, தலையிடிக்கு நல்லது, வாதத்துக்கு நல்லது என்று அதில் அடுக்கப்பட்டுள்ளவற்றை வாசிக்கும்போது, மல்லிக்கோப்பியின் மகிமையை எடுத்துரைக்கும் எமது ஊர்ப் பாட்டிமாரே நினைவுக்கு வருகின்றனர்.

வியாபாரம் செழித்ததும் எதிர்ப்புக் கிளம்பியது. அயலில் மதுக்கடை நடத்தியோர், றோசே நகரத்தின் தொழில் உரிமை பெற்றவர் அல்லர், அந்நியர் என முறையிட்டனர். அதன்பின் அவ்வுரிமைக்குத் தகுதியான கிறிஸ்தோபர் போமன் என்ற ஆங்கிலேயர் பங்காளியாகச் சேர்க்கப்பட்டார். சில ஆண்டுகளில் கடை போமனுடையதாயிற்று. 1650களின் இறுதிக்குள் றோசேயின் பெயர் ஏடுகளிலிருந்து மறைந்துவிடுகிறது. வேலை செய்யும் உரிமைக்காக உள்நாட்டு அலுவலகக் கடிதத்தை ஆண்டுக்கணக்கில் எதிர்பார்த்திருந்த எம்மவர்க்கு இக்கதையை விளக்கிக் கூற வேண்டியதில்லை.

அதன்பின் கோப்பிக்கடைகள் நகரமெங்கும் பரவின. ஒரு பென்னி கொடுத்தால் எவரும் அமர்ந்து செய்தித்தாள் வாசிக்கலாம், வாதிடலாம் என்பதால் அவற்றைப் 'பென்னிப் பல்கலைக்கழகங்கள்' என்றனர். அங்கே அரசியல் பேசப்படுவதைப் பொறுக்காத இரண்டாம் சார்ள்ஸ் மன்னர் 1675 டிசெம்பரில் அவற்றை மூடுமாறு பிரகடனம் செய்தார். எதிர்ப்பு வலுத்தமையால் சில நாட்களிலேயே அதனை மீளப்பெற நேர்ந்தது. எட்வேர்ட் லொயிட் என்பவரின் கோப்பிக்கடையில் கூடிய கப்பற்காரரின் பேச்சிலிருந்துதான் உலகப் புகழ்பெற்ற லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை வளர்ந்தது. யோனதன் கோப்பிக்கடையில் நடந்த பங்கு வியாபாரமே இலண்டன் பங்குச் சந்தைக்கு வித்திட்டது.

சென்ற் மைக்கல்ஸ் சந்தில் இன்று ஒரு மதுச்சாலை உள்ளது. முதற் கோப்பிக்கடை நின்ற இடம் இது என்பதைக் கூறும் பலகையொன்று அதன் சுவரில் பதிக்கப்பட்டிருக்கிறது. அதில் பஸ்குவா றோசேயின் பெயர் உண்டு. உரிமை மறுக்கப்பட்டு மறைந்த அந்நியருக்கு நகரம் காலம் கடந்தேனும் பெயர் கொடுத்திருக்கிறது.

இத்தாலியரும் அவுஸ்திரேலியரும்

பதினெட்டாம் நூற்றாண்டில் தேநீர் கோப்பியை முந்தியது. கோப்பி மீண்டும் இலண்டனில் எழுச்சி கண்டபோதும் அதனைக் கொணர்ந்தவர்கள் வெளியாரே. சொகோப் பகுதியில் குடியேறியிருந்த இத்தாலியர்கள் சிற்றுண்டிக் கடைகள் நடத்தி வந்தனர். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் அவர்களில் பலர் எதிரி நாட்டவராகத் தடுத்து வைக்கப்பட்டனர். அவ்வாறு கனடாவுக்கு அனுப்பப்பட்டோரை ஏற்றிச் சென்ற அரண்டோரா ஸ்ரார் கப்பல் 1940 யூலை 2ஆம் திகதி யேர்மனிய நீர்மூழ்கியால் தாக்கப்பட்டு மூழ்கியது. நானூறுக்கும் மேற்பட்ட இத்தாலியர் அதில் மாண்டனர்.

அச்சமூகமே போருக்குப் பின்னர் எழுந்து நின்று இந்நகருக்கு எஸ்பிரெசோக் கோப்பியைக் கற்பித்தது. பிரித் தெருவில் 1949இல் பார் இத்தாலியா திறக்கப்பட்டது. மிலான் நகரத்து அக்கிலே கஜியா உருவாக்கிய அழுத்த இயந்திரத்துடன் 1953இல் அதே தெருவில் மொக்கா பார் திறக்கப்பட்டபோது, நடிகை ஜீனா லொலோபிரிஜிடா வந்து திறந்து வைத்தார். இன்று ஊரெங்கும் காணப்படும் கொஸ்ரா நிறுவனமும், 1971இல் சேர்ஜியோ, புறூனோ என்ற இத்தாலியச் சகோதரர் இருவர் இலண்டனில் தொடங்கிய கோப்பி வறுக்கும் தொழிலிலிருந்து வளர்ந்ததே. 2019இல் அது கொக்கா கோலாவின் கைக்கு மாறியது. விலை 390 கோடி பவுண். அமெரிக்க ஸ்ரார்பக்ஸ் 1998இல் இந்நாட்டினுள் நுழைந்தது.

பல்கிளைக் கடைகள் பெருகப் பெருக, எல்லாக் கோப்பையும் ஒரே சுவை என்ற குறையும் பெருகியது. அவ்வேளையில் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த இளைஞர்கள் தம் ஊர்ப் பழக்கத்தை இங்கு கொண்டுவந்தனர். சொகோவின் பேர்விக் தெருவில் 2005இல் திறக்கப்பட்ட கடையின் பெயரே 'பிளற் வைற்'. எஸ்பிரெசோவின் மேல் மென்மையான பால்நுரை ஊற்றிய அவர்களது கோப்பியின் பெயர் அது. இன்று அப்பானம் பல்கிளைக் கடைகளின் விலைப்பட்டியலிலும் ஏறிவிட்டது.

இவர்களுக்கு முன்னரே, 1978இல், கொவென்ற் கார்டன் அருகே மொன்மத் தெருவில் தொடங்கிய மொன்மத் கோப்பி நிறுவனம், எந்தத் தோட்டத்துக் கொட்டை என்பதைத் தேடி வாங்கும் வழக்கத்தை வளர்த்திருந்தது. 2007இல் உலகக் கோப்பி தயாரிப்புப் போட்டியில் வென்ற ஜேம்ஸ் ஹொவ்மனும், அதே ஆண்டில் கோப்பி சுவைகாணும் உலகப் போட்டியில் வென்ற நோர்வேப் பெண்மணி அனெற் மொல்ட்வேயரும் சேர்ந்து 2008இல் ஸ்குயர் மைல் என்ற வறுக்கும் நிறுவனத்தை நிறுவினர். 2009இல் உலகப் போட்டியை வென்ற குவிலிம் டேவிஸ், இலண்டனில் தள்ளுவண்டியில் கோப்பி விற்றவர். அவரும் நண்பர்களும் 2011இல் லெதர் லேன் சந்தைத் தெருவில் புறுபிறொக் என்ற கடையைத் திறந்தனர். சட்டனிலிருந்து ஃபறிங்டன் நிலையத்துக்குத் தேம்ஸ்லிங்க் புகையிரதம் இடையில் மாறாமலே செல்கிறது. அங்கிருந்து லெதர் லேன் நடைதூரம்.

சிறப்பு எதில் உள்ளது?

'சிறப்புக் கோப்பி' என்ற தொடரை 1974இல் வழக்குக்குக் கொண்டுவந்தவர் ஏர்னா நூற்சன் என்ற பெண்மணி. நோர்வேயில் பிறந்து அமெரிக்காவில் குடியேறியவர். கோப்பி வணிக அலுவலகமொன்றில் செயலாளராக வேலை செய்துகொண்டே சுவைகாணும் கலையைக் கற்றார். ஆண்கள் மட்டும் புழங்கிய சுவைகாணும் அறைக்குள் அவர் நுழைவதை அவர்கள் எதிர்த்தனர். தனித்த மண்ணும் காலநிலையும் தனித்த சுவையைத் தரும் என்பதே அவரது கருத்து. எமது ஊரில் இன்ன தோட்டத்துக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் என்று பெயர் சொல்லி வாங்குவதைப் போன்றதே இது.

பயிற்சி பெற்றோர் சுவைத்துப் பார்த்து, நூறு புள்ளிகளுக்கு எண்பதும் அதற்கு மேலும் வழங்கினால் அது சிறப்புக் கோப்பி என்பது நெடுங்கால வழக்கு. நன்கு பழுத்த பழங்களை மட்டும் கையாற் பறித்தல் வேண்டும். கழுவியோ, தோலோடு உலர்த்தியோ பக்குவமாக எடுத்தல் வேண்டும். மிகையாகக் கருக்காமல் அளவோடு வறுத்தல் வேண்டும். எஸ்பிரெசோ தயாரிப்பதாயின், ஏறத்தாழ 18 கிராம் தூளை நிறுத்து எடுத்து, அழுத்தத்துடன் வெந்நீரைச் செலுத்தி, அரை நிமிடத்துக்குள் அதன் இருமடங்கு எடையுள்ள சாற்றை இறக்குவர். பாலும் சீனியும் வேண்டாதவர்க்கு வடிதாளில் மெதுவாக வெந்நீர் ஊற்றி வடித்துக் கொடுப்பர். சில கோப்பிகளில் தோடம்பழப் புளிப்பும் பூவின் மணமும் இருப்பதை முதல் முறை குடிப்போரும் உணரலாம். கசப்பே கோப்பியின் குணம் என்று எண்ணியிருந்தோர்க்கு அது புதுமையாக இருக்கும்.

பெயருக்கு ஒரு விலை உண்டு

பையில் பெயர் எழுதுவது அழகுக்காக மட்டுமன்று. பெயரற்ற பண்டத்துக்குச் சந்தை வைத்ததே விலை. பெயருள்ள பண்டத்துக்கு விளைவித்தவன் பேரம் பேசலாம். இவ்வுண்மையை உலகுக்கு எடுத்துக்காட்டியது எதியோப்பியா. கோப்பியின் தாயகமாகிய அந்நாடு, சிடாமோ, ஹரார், யிர்காசெவ் ஆகிய தன் கோப்பிப் பிரதேசங்களின் பெயர்களை வணிகக் குறிகளாகப் பதிவு செய்ய 2005இல் அமெரிக்காவில் விண்ணப்பித்தது. இதன் தொடர்பில் ஸ்ரார்பக்ஸ் நிறுவனத்துடன் பெரும் பிணக்கு மூண்டது. ஒக்ஸ்பாம் அமைப்பு எதியோப்பிய விவசாயிகளுக்கு ஆதரவாகப் பிரசாரம் செய்தது. 2007இல் இரு தரப்பினரும் உடன்பாட்டுக்கு வந்தனர். வறிய நாடொன்று தன் ஊர்ப் பெயர்கள் தனது சொத்து என்று வாதாடிய வழக்கு இது.

உலகக் கோப்பி வணிகத்தின் கடிவாளம் நெடுங்காலம் இலண்டனிலும் இருந்தது. சர்வதேசக் கோப்பி அமைப்பு 1963இல் நிறுவப்பட்டபோது அதன் தலைமையகம் இங்கேயே அமைந்தது. நாடுகளுக்குரிய ஏற்றுமதிப் பங்கை வரையறுத்து விலையைத் தாங்கிப் பிடித்த உடன்படிக்கை 1989இல் குலைந்தது. 2001இன் இறுதியில் நியூயோர்க் சந்தையில் அராபிக்காக் கோப்பி இறாத்தலொன்று அரை டொலருக்கும் கீழே விழுந்தது. மத்திய அமெரிக்காவிலும் ஆபிரிக்காவிலும் இலட்சக்கணக்கான குடும்பங்கள் நிலத்தைக் கைவிட்டன, கடனில் மூழ்கின. மாறாக, 2025 பெப்ரவரியில் அதே இறாத்தல் 4 டொலரைத் தாண்டி உச்சம் தொட்டது.

நாம் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஒரு கோப்பைக்கு 18 கிராம் வறுத்த தூள் என்றால், வறுப்பதற்கு முன் அது ஏறத்தாழ 21 கிராம் பச்சைக்கொட்டை. இறாத்தல் 4 டொலர் என்ற உச்ச விலையில் அதன் பெறுமதி 15 பென்ஸ் அளவிலேயே வரும். கடையில் நாம் கொடுப்பதோ ஏறத்தாழ 4 பவுண். எஞ்சியது வாடகை, கூலி, பால், மின்சாரம், வரி எனப் போகிறது. கடைக்காரரை மட்டும் குறை கூறுவதற்கில்லை. இந்நகரில் கடை வைத்து நடத்தும் எம்மவர்க்கு வாடகையின் பாரம் தெரியும். ஆனால் அந்தக் கோப்பைக்குள் அறுபது எழுபது கோப்பிப் பழங்கள் உள்ளன. ஒவ்வொன்றையும் ஒரு கை பறித்திருக்கிறது. அந்தக் கைக்கு 15 பென்ஸில் எவ்வளவு சென்றது என்பதே கேள்வி. சிறப்புக் கோப்பிக் கடைகளில் நல்லவை சில, தாம் சந்தை விலைக்கு மேல் எவ்வளவு கொடுத்தோம் என்பதை வெளிப்படையாக எழுதுகின்றன. அது பாராட்டுக்குரியது.

இங்கும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். பையில் உள்ள பெயர் பெரும்பாலும் தோட்ட உரிமையாளருடையது, அல்லது கூட்டுறவுச் சங்கத்தினுடையது. வெயிலில் நின்று பறித்த கூலியாளின் பெயர் அதில் இராது. பெயர் எழுதும் கோப்பியிலும் பெயர் எழுதப்படாதவர்கள் இருக்கிறார்கள்.

எமது கோப்பி

இதற்கு மேல் கதை எமது மண்ணுக்குத் திரும்புகிறது. 'கோப்பி' என்று நாம் சொல்லும் சொல்லிலேயே ஒல்லாந்தரின் வாசம் வீசுகிறது. அவர்கள் பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் கோப்பி பயிரிட முயன்றனர். பெரும் பயிராக அதனை ஆக்கியவர்கள் ஆங்கிலேயர். 1820களில் கம்பளைப் பகுதியில் தோட்டங்கள் தொடங்கின. மேற்கிந்தியத் தீவுகளில் 1834இல் அடிமைமுறை ஒழிக்கப்பட்டதும் அங்கே கோப்பி உற்பத்தி வீழ்ந்தது. 1835இல் பிரித்தானியா இலங்கைக் கோப்பிக்கும் மேற்கிந்தியக் கோப்பிக்கும் ஒரே தீர்வை என அறிவித்தது. இலண்டன் எடுத்த அந்த முடிவினால் கண்டி மலைக்காடுகள் எரிக்கப்பட்டன. காட்டை வெட்டவும் கோப்பி பறிக்கவும் ஆட்கள் தேவைப்பட்டனர்.

வந்தவர்கள் தமிழகத்தின் வரண்ட மாவட்டங்களில் பஞ்சத்தாலும் கடனாலும் நொந்த மக்கள். படகில் மன்னார்க் கரையை அடைந்து, வன்னிக் காட்டினூடாக, தம்புள்ளை வழியே மாத்தளைக்கு நடந்தனர். ஏறத்தாழ 150 மைல். குடிநீரில்லை, நிழலில்லை. வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் வழியெங்கும் காத்திருந்தன. விழுந்தவர் விழுந்த இடத்திலேயே விடப்பட்டனர். 1841 முதல் வந்தவர்களில் நான்கில் ஒரு பங்கினர், எழுபதாயிரம் பேர்வரை, மாண்டனர் என 1849இல் 'கொழும்பு ஒப்சேவர்' பத்திரிகை கணக்கிட்டது. அத்தொகை மிகையானது எனக் கூறும் வரலாற்றாசிரியர்களும் உள்ளனர். எண்ணிக்கையில் வாதம் நடப்பதற்கே காரணம், ஒருவரும் அவர்களது பெயர்களை எழுதி வைக்கவில்லை என்பதுதான்.

1870களில் இலங்கையின் கோப்பிப் பரப்பு இரண்டரை இலட்சம் ஏக்கரைத் தாண்டியது. ஆண்டுக்குப் பத்துக்கோடி இறாத்தல் அளவில் கோப்பி ஏற்றுமதியான காலமும் இருந்தது. அது வந்திறங்கிய துறைகளுள் முதன்மையானது இலண்டன். ஏலம் கூறப்பட்ட மின்சிங் லேன், பஸ்குவா றோசேயின் சந்திலிருந்து சில நிமிட நடைதான்.

1869இல் மடுல்சீமைப் பகுதியில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் தூள் படிந்திருந்தமை கண்டறியப்பட்டது. இலைத்துரு என்னும் அந்தப் பூஞ்சண நோய் இருபது ஆண்டுகளுக்குள் தோட்டங்களைத் தின்று தீர்த்தது. 1884இல் ஒறியன்ரல் வங்கி முறிந்தது. துரைமார் சிலர் கப்பலேறினர். கூலி நிலுவையாக நின்றவர்களுக்கு ஏறக் கப்பலும் இல்லை, கொடுக்க எவரும் இல்லை. கோப்பி பிடுங்கிய நிலத்தில் தேயிலை நடப்பட்டது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும் என்பதால் அம்மக்கள் மலைகளிலேயே நிலைத்தனர்.

மலையகத் தோட்டப் பேச்சில் 'பேர்' என்ற சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு. ஒரு நாள் முழு வேலைக்குரிய சம்பளம் 'ஒரு பேர்'. நிறை குறைந்தாலோ நேரம் பிந்தினாலோ 'அரைப்பேர்'. மனிதரின் பெயர் ஏட்டில் ஏறியது அவர் யார் என்பதைச் சொல்வதற்கன்று, சம்பளத்தை வெட்டுவதற்கே. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்தப் பெயர்களை நாட்டின் குடிமக்கள் ஏட்டிலிருந்தும் விலக்கியது. நாடற்றோர் என்ற சொல்லை எம்மில் பலர் ஐரோப்பாவுக்கு வந்தபின் அறிந்தோம். அவர்கள் பிறந்த தோட்டத்திலேயே அறிந்தனர்.

முதற் தொழிலாளர் வந்ததன் இருநூறாவது ஆண்டு 2023இல் நினைவுகூரப்பட்டது. அவ்வாண்டு யூலை 28ஆம் திகதி தொடங்கி 16 நாட்கள், தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை, முன்னோர் நடந்த வழியே மலையக மக்கள் நடந்தனர். மதகுருமாரும் பெண்களும் இளைஞரும் வடக்குத் தமிழரும் அதில் இணைந்தனர். பஸ்குவா றோசேக்கு இலண்டனில் ஒரு பலகை உண்டு. கோப்பிக்காக மன்னார் வழியில் மாண்டவர்களுக்கு அந்தக் கால்நடையே பலகையாயிற்று.

நாம் செய்யக்கூடியவை

இதனை வாசிப்போர் கோப்பிக்கடையைப் புறக்கணிக்க வேண்டும் என்பது எமது கருத்தன்று. மாறாக, உள்ளே போகவேண்டும் என்கிறோம். இலண்டனின் கோப்பிக்கடை அந்நியர் உண்டாக்கிய இடம். அங்கே தயங்கி நிற்க எமக்குக் காரணமில்லை. மாதத்தில் ஒரு நாள் மூத்தோரை அழைத்துச் சென்று அமரச் செய்யுங்கள். கோப்பியைக் கொண்டுவருபவரிடம் இது எந்த நாட்டுக் கொட்டை, விளைவித்தவர் யார், அவர்க்கு என்ன விலை கொடுக்கப்பட்டது என்று கேளுங்கள். நல்ல கடைக்காரர் அக்கேள்வியை விரும்புவார். பதில் தெரியாதவர் அடுத்த முறைக்கு அறிந்து வைப்பார்.

படிக்கும் காலத்தில் இக்கடைகளில் பகுதிநேர வேலை செய்யும் எமது பிள்ளைகள் பலர். அதனைச் சில்லறை வேலையாக எண்ண வேண்டியதில்லை. வறுத்தலும் சுவைகாணலும் கற்கத்தக்க கலைகள். இலங்கையின் மலைநாட்டில் அராபிக்காக் கோப்பி மீண்டும் சிறு அளவில் கவனத்தோடு பயிரிடப்படுகிறது. நாளை அக்கொட்டையை இந்நகரில் வறுத்து விற்பவர் தமிழராயின், பையில் தோட்டத்தின் பெயரோடு பறித்தவரின் பெயரையும் அவர் எழுதட்டும். அச்சிறு காரியத்தைச் செய்ய எமக்கு மற்றெவரையும் விடக் காரணம் உண்டு.

இறுதியாக ஒரு வேண்டுகோள். 1977இன் வன்செயல்களுக்குப் பின் மலையகத்திலிருந்து வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் குடியேறி, பின்னர் அங்கிருந்தும் பெயர்ந்து இந்நாடு வந்து சேர்ந்த குடும்பங்கள் எம்மிடையே உள்ளன. அவர்களில் சிலர் தம் பூர்வீகத்தைக் கூறத் தயங்குவதும், கூறினால் எம்மவர் சிலர் ஒருமாதிரிப் பார்ப்பதும் இன்றும் நடக்கின்றன. அந்தப் பார்வை மாறவேண்டும். அக்குடும்பங்களின் மூத்தோர் உயிரோடிருக்கும்போதே பிள்ளைகள் ஒரு கொப்பியை எடுத்து அருகில் அமரட்டும். பாட்டனின் பெயர் என்ன, பாட்டியின் பெயர் என்ன, எந்த ஊரிலிருந்து எந்தக் கங்காணியோடு வந்தனர், எந்தத் தோட்டத்தில், எந்த லயத்தில் இருந்தனர் என்று கேட்டு, தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதி, திகதியும் இட்டு வைக்கட்டும். தோட்டக்காரரும் அரசாங்கமும் எழுதாமல் விட்ட பெயர்களை இனி எழுதக்கூடியவர்கள் அப்பிள்ளைகளே.